முடிச்சுகளின் தனி அடையாளங்கள்: வேரிலும் உடலிலும்

பயறுச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை அலசிப் பார்க்கும்போது தென்படும் சிறு உருண்டைகளையும், கழுத்தின் ஸ்கேன் அறிக்கையில் மருத்துவர் குறிப்பிடும் சிறு திரளையும் முடிச்சு என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரித்தறியக்கூடிய எல்லையும், ஏறக்குறைய உருண்டையான வடிவமும், பெரும்பாலும் திண்மையான உள்ளீடும் கொண்ட சிறிய திரட்சி என்பதே அந்தப் பெயரின் முழுப்பொருள். அது எதனால் உண்டானது, உள்ளே என்ன நடக்கிறது, நன்மையா தீமையா என்ற கேள்விகளுக்கு அந்தப் பெயரில் விடை இல்லை. இதை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் அறிக்கையில் இந்தச் சொல்லைக் கண்டதும் நோயின் பெயரே கிடைத்துவிட்டதாக அஞ்சுகிறவர்கள் பலர்.

முடிச்சின் அடையாளங்களை இருவகையாகப் பிரித்துப் பார்க்கலாம். அளவு, உருண்டை வடிவம், கடினத்தன்மை போன்றவை பலவகை முடிச்சுகளுக்குப் பொதுவானவை; அவற்றைக் கொண்டு ஐயம் கொள்ளலாமே தவிர, முடிவு சொல்ல இயலாது. ஒரு குறிப்பிட்ட வகையில் மட்டுமே, அல்லது ஏறத்தாழ அதில் மட்டுமே காணப்படும் அடையாளங்கள் மற்றொரு வகை. உள்ளே உள்ள ஒரு நிறம், செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை, ஒரு மரபணு மாற்றம் என அவை எந்த வடிவிலும் இருக்கலாம். தாவரவியலாளரும் மருத்துவரும் முடிச்சைப் பார்க்கும்போது தேடுவது இந்த இரண்டாம் வகையைத்தான்.

முதலில் வேருக்கு வருவோம். அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்முடிச்சுகளை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிவியலாளர் மால்பீகி வரைந்து வைத்தார். ஆனால் அவற்றைப் பூச்சிகளால் உண்டாகும் புடைப்புகளைப் போன்றவை என்றே கருதினார். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்திக்கொள்ள இந்த முடிச்சுகளே வழிசெய்கின்றன என்பதை ஜெர்மன் ஆய்வாளர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886 முதல் 1888 வரையிலான ஆண்டுகளில் நிறுவினார்கள். முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவை 1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெயரிங்க் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். இன்று அந்தப் பாக்டீரியாக்களை ரைசோபியம், பிராடிரைசோபியம் முதலான பல பேரினங்களாகப் பிரித்து அறிகிறோம்.

வேர்முடிச்சின் முதல் சிறப்பு, அது செடி தானே திட்டமிட்டுக் கட்டும் ஓர் உறுப்பு என்பதாகும். மண்ணில் நைட்ரஜன் குறைவாக இருக்கும்போது வேர் ஃபிளேவனாய்டு வகைச் சேர்மங்களைக் கசியவிடுகிறது. அவற்றை உணரும் பாக்டீரியா, நாட் காரணி எனப்படும் ஒரு குறிப்பு மூலக்கூறை உருவாக்கி வெளிவிடுகிறது. கைட்டின் துண்டு போன்ற ஒரு சிறு சர்க்கரைச் சங்கிலியில் கொழுப்பமிலம் ஒன்று இணைந்திருப்பதே இம்மூலக்கூறின் அடிப்படை அமைப்பு. இதன் வேதியமைப்பு 1990இல் தெளிவாயிற்று. ஒவ்வோர் இனப் பாக்டீரியாவும் இந்த அடிப்படை அமைப்பில் சிறு மாறுதல்களைச் செய்கிறது. குதிரைமசால் செடியுடன் கூட்டுச்சேரும் பாக்டீரியாவின் மூலக்கூறில் ஒரு சல்பேட் தொகுதி உண்டு. அந்த ஒரு தொகுதியைச் சேர்க்கும் மரபணு பழுதானால் குதிரைமசால் அதைத் தன் துணையாக ஏற்பதில்லை. யாரை உள்ளே விடுவது என்பதை இத்தனை நுண்ணிய வேறுபாட்டின் அடிப்படையில் வேர் முடிவு செய்வது, இத்துறையில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் செய்தி.

குறிப்பை ஏற்ற வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைச் சூழ்ந்துகொள்கிறது. அங்கிருந்து தொற்று இழை என்னும் நுண்குழாய் உள்நோக்கி வளர்கிறது. அதே நேரத்தில், பாக்டீரியா இன்னும் வந்து சேராத புறணிச் செல்கள் (வேர்த்தோலுக்கு உட்புறமுள்ளவை) பிரிந்து பெருகத் தொடங்கி முடிச்சுக்கு அடித்தளம் இடுகின்றன. தொற்று இழை அச்செல்களை அடைந்ததும் பாக்டீரியாக்கள் செடியின் சவ்வால் போர்த்தப்பட்ட நிலையில் உள்ளே விடப்பட்டு, பாக்டீராய்டுகள் எனப்படும், நைட்ரஜனை நிலைநிறுத்தும் (அதாவது அம்மோனியாவாக மாற்றும்) வடிவத்துக்கு மாறுகின்றன. எல்லாச் செடிகளும் இதே பாதையைப் பின்பற்றுவதில்லை. நிலக்கடலையில் வேர்த்தூவி வழி இல்லை; பக்கவேர் வெளிப்படும் இடத்திலுள்ள வெடிப்புகள் வழியாகவே பாக்டீரியா நுழைகிறது. செஸ்பேனியா ராஸ்ட்ரேட்டா என்னும் செடியில் வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுகள் தோன்றுகின்றன.

முதிர்ந்த முடிச்சின் வடிவமும் ஓர் அடையாளமே. பட்டாணி, குதிரைமசால் போன்றவற்றில் முடிச்சின் நுனியில் புதிய செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசு தொடர்ந்து இயங்குவதால் அது நீண்டு, சில நேரம் கிளைத்தும் காணப்படும். அதை நெடுக்காக வெட்டினால் நுனியில் வளரும் பகுதி, அடுத்துத் தொற்று நிகழும் பகுதி, பின்னர் நைட்ரஜன் நிலைநிறுத்தும் பகுதி, அடியில் முதிர்ந்து அழியும் பகுதி என வரிசையாகப் பார்க்கலாம். ஒரே முடிச்சில் அதன் முழு வாழ்க்கை வரலாறும் அடுக்கப்பட்டிருக்கும். சோயா, தட்டைப்பயறு, பாசிப்பயறு போன்றவற்றில் ஆக்குத்திசுவின் செயல்பாடு விரைவில் நின்றுவிடுவதால் முடிச்சு உருண்டையாகவே அமைந்து, உள்ளே உள்ள செல்கள் ஏறத்தாழ ஒரே வயதினவாக இருக்கும்.

இவை அனைத்தையும்விட வயலில் நின்று பார்ப்பவருக்குக் கைகொடுக்கும் அடையாளம் உள்நிறம். நன்கு செயல்படும் முடிச்சை நகத்தால் கிள்ளினாலோ கத்தியால் வெட்டினாலோ உள்ளே இளஞ்சிவப்போ சிவப்போ தெரியும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதமே இந்த நிறத்துக்குக் காரணம். இதைச் செடியே உருவாக்குகிறது. அதன் தேவை ஒரு முரண்பாட்டிலிருந்து எழுகிறது. நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் ஆற்றலைத் தரும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அத்தனை ஆற்றலைப் பெறப் பாக்டீராய்டுகள் சுவாசித்தாக வேண்டும், அதற்கு ஆக்சிஜன் தேவை. லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டற்ற ஆக்சிஜனின் செறிவை மிகத் தாழ்வாக வைத்தபடியே, சுவாசத்துக்கு வேண்டியதைச் சீராகக் கொண்டுசேர்க்கிறது. இப்புரதம் உருவாகாதபடி மாற்றப்பட்ட செடிகளில் முடிச்சுகள் தோன்றினாலும் நைட்ரஜன் நிலைநிறுத்தம் நிகழவில்லை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே உள்நிறத்தைக் கொண்டு முடிச்சின் நிலையை ஓரளவு நம்பகமாகச் சொல்லலாம். வெண்மையோ வெளிர்நிறமோ இருந்தால் அது இன்னும் இளையது, அல்லது பொருந்தாத பாக்டீரியாவால் பயனின்றி உருவானது. பச்சையோ பழுப்போ இருந்தால் அதன் பணிக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் இந்நிறம் அவரைக் குடும்பத்துக்கே உரியது என்று சொல்லிவிட முடியாது. ஃபிராங்கியா என்னும் வேறொரு பாக்டீரியாவுடன் கூட்டுச்சேரும் சவுக்கு மரத்தின் முடிச்சுகளிலும் ஹீமோகுளோபின் உண்டு. அத்தகைய இடங்களில் உள்கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். அவரைக் குடும்ப முடிச்சில் நீரையும் உணவையும் கடத்தும் சாற்றுக்குழாய்த் தொகுப்புகள் ஓரமாகவும் பாக்டீரியா நிறைந்த செல்கள் நடுவிலும் இருக்கும். சவுக்கு, ஆல்டர் போன்ற மரங்களின் முடிச்சு உருமாறிய பக்கவேர் என்பதால் சாற்றுக்குழாய் நடுவிலும் பாக்டீரியா சுற்றிலும் இருக்கும்.

வேர்முடிச்சோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது மெலாய்டோகைன் என்னும் நூற்புழு உண்டாக்கும் வேர் வீக்கம். இது செடியின் சத்தை உறிஞ்சும் நோய். இதை நல்ல முடிச்சென்று எண்ணி மகிழ்ந்தால் இழப்பு பெரிது. பிரித்தறிவது கடினமன்று. பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அமைந்து, விரலால் தேய்த்தால் எளிதில் கழன்றுவிடும். நூற்புழு வீக்கத்தில் வேரே உப்பியிருப்பதால் வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க இயலாது. உள்ளே சிவப்பு நிறமும் இராது. நுண்ணோக்கியில் பார்த்தால் பல உட்கருக்களைக் கொண்ட மாபெரும் செல்களும், அவற்றை உண்டு வாழும் பெண் புழுவும் தெரியும்.

மூலக்கூறு நிலையிலும் வேர்முடிச்சுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. முடிச்சு உருவாகும்போது செடி உற்பத்தி செய்யும் தனிப்பட்ட புரதங்களுக்கு நாடுலின்கள் என்று பெயர். இவற்றுள் சில தொற்றின் தொடக்கத்திலும், சில நைட்ரஜன் நிலைநிறுத்தம் தொடங்கும் தறுவாயிலும் தோன்றுவதால், முடிச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அவற்றைக் கொண்டு கணிக்கலாம். முடிச்சு உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் நின் என்னும் மரபணு 1999இல் அறியப்பட்டது. அது பழுதான செடியில் முடிச்சு தோன்றுவதே இல்லை. பாரல் மெடிக் என்னும் ஆய்வுச் செடி, பாக்டீராய்டுகளை மீண்டும் இனப்பெருக்கம் செய்ய இயலாத நிலைக்குக் கொண்டுசெல்வதற்கென்றே 600-க்கும் மேற்பட்ட சிறு புரதங்களுக்கான மரபணுக்களை வைத்திருக்கிறது.

மருத்துவத்துக்கு வரும்போது நிலைமை அடிப்படையிலேயே மாறுகிறது. வேர்முடிச்சு ஓர் உறுப்பு. உடலில் காணப்படும் முடிச்சோ தொற்று, அழற்சி, தேய்மானம், தீங்கற்ற வளர்ச்சி, புற்றுநோய் ஆகிய எதன் விளைவாகவும் இருக்கலாம். இயல்பாகவே உடலில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை இவற்றோடு சேர்க்கக் கூடாது. காயம்பட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது ஏற்கெனவே அங்குள்ள ஓர் உறுப்பு வீங்குவதால் நிகழ்வது. புதிதாக ஒன்று முளைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை.

தோல் மருத்துவத்தில் முடிச்சு என்ற சொல்லுக்கு ஓர் அளவு வரையறை உண்டு. சிறு பருவைவிடப் பெரியதாக, தோலின் ஆழத்தில் அல்லது அதற்குக் கீழே வேர்கொண்டு, விரலுக்குத் திண்மையாகத் தட்டுப்படுவது முடிச்சு. சில நூல்கள் எல்லையை அரை செ.மீ. என்றும் சில 1 செ.மீ. என்றும் வகுக்கின்றன. உள்ளே திரவம் இருந்தால் அது நீர்க்கட்டி. சீழ் இருந்தால் சீழ்க்கட்டி.

அமைவிடம் சில முடிச்சுகளுக்கு வலுவான துப்பு. மூட்டுத் தேய்மானத்தில் விரலின் நுனி மூட்டில் தோன்றும் எலும்புபோன்ற கடினமான புடைப்புக்கு ஹெபர்டன் முடிச்சு என்றும், நடு மூட்டில் தோன்றுவதற்கு பூஷார் முடிச்சு என்றும் பெயர். முடக்குவாதத்தில் தோன்றும் முடிச்சு பெரும்பாலும் முழங்கையின் பின்புறம் போன்ற அழுத்தம் படும் இடங்களில் தோலுக்கடியில் ரப்பர் போலத் தட்டுப்படும். அத்தகையவர்களின் இரத்தத்தில் ருமட்டாய்டு காரணி என்னும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் காணப்படும். குரல்நாண் முடிச்சுகள் இரு நாண்களிலும் எதிரெதிராக, முன்புற மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சந்திக்கும் இடத்தில், அதாவது பேசும்போது அதிர்வின் மோதல் மிகுதியாக விழும் இடத்தில் தோன்றுகின்றன. குரலை ஓயாது பயன்படுத்துவோருக்கு வரும் இவை பெரும்பாலும் குரல் பயிற்சியாலேயே குணமாகும். தொப்புளில் தோன்றும் கடினமான ஒரு முடிச்சு, வயிற்றுக்குள் அல்லது இடுப்புக்குழியில் உள்ள புற்றுநோய் பரவியதன் அறிகுறியாக இருக்கலாம்; அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இதைக் கவனித்துச் சொன்ன செவிலியர் சிஸ்டர் மேரி ஜோசப்பின் பெயரால் அது இன்றும் அழைக்கப்படுகிறது.

ஒரே நோயை நேரடியாகச் சுட்டும் முடிச்சுகள் மிகச் சிலவே. கண்ணின் நிறப்பகுதியான ஐரிஸில் பழுப்புநிறச் சிறு மேடுகளாகத் தெரியும் லிஷ் முடிச்சுகள் நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்னும் மரபுவழி நோயில் வயதுவந்தோர் பெரும்பாலோருக்கும் இருக்கும். பார்வையைக் கெடுப்பதில்லை, ஆனால் நோயை உறுதிசெய்யும் அளவுகோல்களில் ஒன்றாக இடம்பெற்றுள்ளன. ருமாட்டிக் காய்ச்சலால் தாக்கப்பட்ட இதயத் தசையில் நுண்ணோக்கி வழியே காணப்படும் ஆஷாஃப் முடிச்சு அந்நோய்க்கே உரியதாகக் கருதப்படுகிறது. இத்தகைய உறுதி மற்ற முடிச்சுகளில் கிடைக்காததால், மருத்துவர்கள் பல பொது அடையாளங்களைச் சேர்த்து எடைபோடுகிறார்கள். அந்த முறையை விளக்க நுரையீரலும் தைராய்டும் சிறந்த எடுத்துக்காட்டுகள்.

நுரையீரலில் 3 செ.மீ. வரையுள்ள வட்டமான நிழலை முடிச்சு என்றும், அதற்கு மேற்பட்டதைத் திரள் என்றும் சொல்வது வழக்கம். சி.டி. ஸ்கேனில் இதன் ஓரம் வழுவழுப்பாக இருந்தால் புற்றுநோய் என்ற ஐயம் குறையும். சூரியக் கதிர்கள்போலக் கூர்முனைகள் நீண்டிருந்தால் ஐயம் கூடும். உள்ளே கால்சியம் படிந்திருக்கும் முறை இன்னும் பயனுள்ளது. நடுவில் மட்டும், அல்லது முழுவதும் சீராக, அல்லது அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய தொற்று ஆறிய தழும்பு. மென்மையான ஓரத்துக்குள் கொழுப்பு தெரிந்தால் அது ஹாமர்ட்டோமா என்னும் தீங்கற்ற வளர்ச்சி என்று ஏறத்தாழ முடிவே செய்துவிடலாம். இதற்கு மாறாக, திசு சர்க்கரையை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் முடிச்சு ஒளிர்வதை மட்டும் கொண்டு புற்றுநோய் என்று சொல்ல முடியாது. காசநோயால் உண்டான கிரானுலோமா என்னும் அழற்சித் திரளும் அவ்வாறே ஒளிரும்.

தைராய்டு முடிச்சுகள் மிகவும் பொதுவானவை. கைக்குத் தட்டுப்படுவது நூற்றில் சிலருக்கே என்றாலும், அல்ட்ராசவுண்ட் கொண்டு தேடினால் வயது கூடக்கூடப் பாதிப்பேர் வரைகூடக் காணப்படுகிறது. ஆராயப்படும் முடிச்சுகளில் புற்றுநோய் 7 முதல் 15 சதவீதம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி குறிப்பிடுகிறது. முதலில் இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் என்னும் ஹார்மோனின் அளவு பார்க்கப்படுகிறது. அது தாழ்ந்திருந்தால் முடிச்சே ஹார்மோனை மிகையாகச் சுரக்கிறதா என்று கதிரியக்கப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் முடிச்சில் புற்றுநோய் அரிது. அல்ட்ராசவுண்டில் முடிச்சு அக்கம்பக்கத்தைவிடக் கருமையாகத் தெரிவது, ஓரம் ஒழுங்கற்றிருப்பது, நுண்ணிய கால்சியப் புள்ளிகள் காணப்படுவது, அகலத்தைவிட உயரம் மிகுந்திருப்பது ஆகியவை ஐயத்துக்குரியவை. இவற்றுக்குப் புள்ளிகள் கொடுத்துக் கூட்டும் டை-ராட்ஸ் முறையில், மிகுந்த ஐயத்துக்குரிய முடிச்சு 1 செ.மீ. ஆனாலே ஊசிப் பரிசோதனை செய்யப்படுகிறது; குறைந்த ஐயமுள்ளதற்கு 2.5 செ.மீ. வரை காத்திருக்கலாம். அளவு மட்டும் முடிவுசெய்வதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

மெல்லிய ஊசியால் எடுக்கப்படும் செல்களின் தோற்றத்தை பெதஸ்டா முறை ஆறு வகையாகப் பிரிக்கிறது. நடுவிலுள்ள வகைகளில் செல்களைப் பார்த்து முடிவுசொல்ல இயலாதபோது மரபணுச் சோதனை உதவும். பிராஃப் மரபணுவில் வி600இ என்னும் மாற்றம் காணப்பட்டால் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்பது ஏறத்தாழ உறுதி. ஆனால் அப்புற்றுநோய் உள்ள பலரிடம் இம்மாற்றம் இல்லாததால், காணப்படாததை வைத்து நிம்மதி கொள்ள முடியாது. ராஸ் மரபணு மாற்றமோ தீங்கற்ற கட்டிகளிலும் புற்றுநோயிலும் காணப்படுவதால் தனித்து நின்று எதையும் தீர்மானிப்பதில்லை. இரத்தத்தில் கால்சிட்டோனின் என்னும் ஹார்மோன் மிக உயர்ந்திருப்பது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோயைச் சுட்டும். தைரோகுளோபுலின் என்னும் புரதத்தின் அளவை முடிச்சின் தன்மையை அறியப் பயன்படுத்துவது பொருளற்றது, ஏனெனில் இயல்பான தைராய்டும் அதைச் சுரக்கிறது. புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுதும் நீக்கப்பட்ட பிறகு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கவே அது பயன்படுகிறது. சோதனை ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு முன் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது தேவையற்ற அச்சத்தைத் தவிர்க்கும்.

காலம் என்பதும் முடிச்சின் ஓர் அடையாளமே. நுரையீரலில் திண்மையான புற்றுநோய் முடிச்சின் கன அளவு இரட்டிப்பாகப் பொதுவாக 30 முதல் 400 நாள்கள் வரை ஆகும். அதைவிட வேகமாக வளர்வது பெரும்பாலும் தொற்றையும், இரண்டு ஆண்டுகள் மாறாதிருப்பது பெரும்பாலும் தீங்கின்மையையும் காட்டும். கன அளவு இரட்டிப்பாகும்போது விட்டம் ஏறத்தாழ 26 சதவீதமே கூடும் என்பதால், 8 மி.மீ. முடிச்சு 10 மி.மீ. ஆவது கண்ணுக்குச் சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் உள்ளே உள்ள திசு ஏறத்தாழ இருமடங்காகியிருக்கிறது. எனவேதான் முந்தைய படத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி கதிரியக்க மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். முழுத் திண்மையற்ற, புகைபோலத் தெரியும் முடிச்சுகள் இதைவிட மெதுவாக வளர்வதால் அவற்றை ஐந்து ஆண்டுகள் வரை கண்காணிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. முடிச்சு விரைந்து பெரிதானாலும், குரல் மாறினாலும், இருமலில் இரத்தம் வந்தாலும், அடுத்த ஸ்கேன் நாளுக்காகக் காத்திராமல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.